வயல் பாக்குறவன்

போன மே மாசம் அக்கா பையன் லீவுக்கு எங்க வீட்டுக்கு வந்திருந்தான். வீடு பாண்டிச்சேரி லாஸ்பேட்ல, மாடி ரூம்ல ஒரு ஃபேன், ஒரு மேசை, என் பழைய லேப்டாப், அவ்ளோதான். ஒன்பதாவது முடிச்சி பத்தாவது போறான், அதனால கடலூர்ல பஸ் ஏத்தி விடும்போதே அக்கா "கேம் கேம்னு உக்காந்தா ஒரு போன் பண்ணு, நானே வந்து கூட்டிக்கிட்டு போயிடுறேன்"னு சொல்லித்தான் அனுப்புச்சி. வந்த ரெண்டாவது நாளே அவன் பையிலேர்ந்து லேப்டாப்ப எடுத்து ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் டூ போட்டான், ஊர் கட்டி, வயல் போட்டு, படை சேத்து சண்டை போடுற கேம், அதோட புதுப்பிச்சி வந்த டெஃபினிட்டிவ் எடிஷன். எனக்கு உள்ள என்னமோ குதிச்சிது. அந்த பச்சை நிலத்தையும் ஊர் நடுவுல இருக்குற டவுன் சென்டரையும் சுத்தி நிக்கிற ஆட்டையும் பாத்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சி. ஒரு பிளாஸ்டிக் சேர இழுத்து அவனுக்கு இடது பக்கமா போட்டு உக்காந்தேன். இடது பக்கம்னு யோசிச்சிலாம் போடல, கை தானா அங்கதான் போட்டுச்சி, ஏன்னு அப்புறம் சொல்றேன்.

அவன் நல்லா ஆடுறான். யூட்யூப்ல பாத்து கத்துக்கிட்டிருக்கான், எத்தனாவது ஆள் எந்த மரத்துக்கு போவணும், எத்தனாவது நிமிஷம் அடுத்த ஏஜுக்கு, அதாவது அடுத்த கட்டத்துக்கு, போவணும், எல்லாம் விரல்ல இருக்கு. பத்து பதினஞ்சு நிமிஷத்துல சண்டை ஆரம்பிச்சிடுச்சி, அவன் குதிரைப்படைய வெச்சிக்கிட்டு எதிரி ஊருக்குள்ள பூந்து வெளயாடுறான், பாக்க அழகாத்தான் இருந்துச்சி, ஆனா என் கண்ணு அங்க நிக்கவே இல்ல. ஸ்கிரீனுக்கு மேல சாப்பாட்டு நம்பர் இருக்குல்ல, அதையே பாத்துக்கிட்டிருக்கேன். முதல் வயல் எப்ப போட்டான், ரெண்டாவது எப்ப போட்டான்னு மனசுக்குள்ள கணக்கு ஓடுது. ஒரு கட்டத்துல என்னையும் அறியாம "டேய், முதல் ரெண்டு வயலும் காயப் போகுது பாரு"ன்னு சொல்லிட்டேன். அவன் கண்ண எடுக்காம "அது தானா விதைச்சிக்கும் மாமா"ன்னான்.

அப்புறம் சண்டை முடிஞ்சி அவனே காட்டுனான். வயல்ல விளையிறத கொண்டு வந்து கொட்டுற மில்லை க்ளிக் பண்ணா ஒரு பட்டன் இருக்கு. அத ஆன் பண்ணி வெச்சிட்டா மரம் கையிருப்புல இருக்குற வரைக்கும் வயல் காயக் காய அதுவே திரும்ப விதைச்சிக்கும், 60 மரம் தானா கழிஞ்சிடும். "நல்லாருக்கே"ன்னு சொன்னேன். சொல்லிட்டு கீழ போயிட்டேன். போய் ஹால்ல சும்மா உக்காந்திருந்தேன். அன்னிக்கு ராத்திரியும் அதுதான் ஓடுச்சி, அடுத்த வாரம் ஆபீஸ்லயும் அதுதான். பழசு எல்லாமே நல்லது, புதுசு எல்லாமே மோசம்னு பேசுற ஆள் கிடையாது நான், அப்படி பேசுறவங்கள பாத்தா எனக்கு ஆவாது. அந்தக் காலத்து மானிட்டரும் வேணாம், அந்தக் காலத்து கரண்ட் கட்டும் வேணாம். அப்புறம் ஏன் ஒரு பட்டனுக்காக மனசு இப்படி அடிச்சிக்குதுன்னு எனக்கே புரியல. கிட்டத்தட்ட ஒரு மாசம் புரியல.

முக்காலி

2001ல எனக்கு பத்து வயசு. அப்பாவுக்கு உடம்பு ரொம்ப முடியாம ஜிப்மர்ல சேத்திருந்தாங்க, அம்மா கூடவே இருந்தாங்க, அக்காவ ஆயா வீட்டுக்கு அனுப்பிட்டாங்க, என்னைய கடலூர் மஞ்சக்குப்பத்துல பெரியப்பா வீட்ல விட்டாங்க. ஏழு மாசம் அங்கதான். அப்பா நல்லபடியா வீடு திரும்பிட்டாரு, இப்பவும் நல்லாத்தான் இருக்காரு, அதனால அந்தக் கதைய இழுக்கல. பெரியப்பா பையன் அப்ப பன்னெண்டாவது. அவரு படிப்புக்குன்னு பெரியப்பா லோன் போட்டு ஒரு கம்ப்யூட்டர் வாங்கியிருந்தாரு, பென்டியம் த்ரீ, 64 எம்பி ராம், 15 இன்ச் மானிட்டர், மேல பெரியம்மா கையால தெச்ச பூப்போட்ட உறை. அண்ணன் ஒரு ஞாயித்துக்கிழமை பாண்டி போயி காந்தி வீதி சண்டே மார்க்கெட்ல ஒரு சிடி வாங்கிட்டு வந்தாரு. மேல மார்க்கர்ல கிறுக்கியிருந்த எழுத்து பாதி அழிஞ்சிடுச்சி. அதான் ஏஜ் ஆஃப் கிங்ஸ், 1999ல வந்த ரெண்டாவது பாகம்.

மேசை ரொம்ப குறுகல். அண்ணன் மவுஸ் பிடிக்க வலது பக்கம் சேர் போட்டுக்குவாரு, எனக்கு இடது பக்கம் சமையல்கட்டுலேர்ந்து எடுத்துட்டு வந்த முக்காலி. கீபோர்டு என்னோடது. எனக்கு ரெண்டு கீதான் முதல்ல தெரியும், எச் அடிச்சா டவுன் சென்டர் வரும், அப்புறம் சி அடிச்சா ஒரு ஆள் உருவாவான், 50 சாப்பாடு. எச், சி, எச், சி, அதான் என் வேலை. அப்புறம் ஒவ்வொண்ணா வேலை சேந்துச்சி. புள்ளி கீ அடிச்சா சும்மா நிக்கிற ஆள காட்டும், அது என் வேலை. மேல ஆள் கணக்கு மினுக்க ஆரம்பிச்சா "வீடு வேணும்ணா"ன்னு சொல்றது என் வேலை. கரண்ட் எப்ப போவும்னு சொல்ல முடியாது, அதனால பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவ "சேவ்"னு சொல்றதும் என் வேலை. ஆனா எல்லாத்த விட பெரிய வேலை வயல் பாக்குறது.

ஆடினவங்களுக்கு தெரியும், அந்த வயல் ஒரு தடவ போட்டா 175 சாப்பாடுதான் குடுக்கும். அது தீந்துடுச்சின்னா பயிர் போயி வெறும் மண்ணு தெரியும், ஆளு மண்வெட்டிய வெச்சிக்கிட்டு அப்படியே நிப்பான். நீங்க போயி அந்த மண்ணு மேல க்ளிக் பண்ணி இன்னொரு 60 மரம் குடுத்தாதான் திரும்ப விதைப்பான். பிரச்சனை என்னன்னா சண்டை நடக்கும்போது ஸ்கிரீன் சண்டைல இருக்கும், வயல் கண்ணுக்கே தெரியாது. அதனால நான் மேல சாப்பாட்டு நம்பர மட்டும் பாத்துக்கிட்டிருப்பேன். அது ஏறுறதுல ஒரு வேகம் இருக்கும். ஒரு வயல் காய்ஞ்சா அந்த வேகம் லேசா குறையும், ரெண்டு காய்ஞ்சா நல்லாவே தெரியும். முதல்ல இது எனக்கு பிடிபடல, ரஃப் நோட்டுல எந்த வயல் எப்ப போட்டோம்னு குறிச்சி வெச்சிக்கிட்டிருந்தேன், அப்புறம் நோட்டே தேவைப்படல, நம்பர பாத்தாலே போதும். "அண்ணா, சாப்பாடு ஏறல"ம்பேன். அண்ணன் சண்டைல ஒரு இடைவெளி பாத்து "போ"ம்பாரு. நான் எச் அடிப்பேன், ஸ்கிரீன் ஊருக்கு வரும், அவரு டக் டக்னு நாலு வயல விதைச்சிட்டு சின்ன மேப்ப அமுக்கி திரும்ப சண்டைக்கு போயிடுவாரு. எல்லாம் சேத்து மூணு நாலு செகண்ட். அந்த மூணு நாலு செகண்டுக்காகத்தான் நான் ஸ்கூல் விட்டு ஓடி வருவேன்.

நாங்க எப்பவும் பெர்சியாதான். யானை இருக்குல்ல. பெட்டில பெர்சியான்னு போட்டிருந்தாலும் எங்க வீட்ல அது சோழ நாடு. அண்ணன் ஸ்கூல் டூர்ல கங்கைகொண்ட சோழபுரம் பாத்துட்டு வந்தவரு, ராஜேந்திரன் கப்பல் அனுப்புனது, கடாரம், ஸ்ரீவிஜயம் எல்லாத்தையும் கேம் லோட் ஆவுற நேரத்துல சொல்லிக்கிட்டிருப்பாரு. ஆனா யானை லேசுபட்டது இல்ல, ஒவ்வொண்ணும் அவ்ளோ சாப்பாடு கேக்கும், மெதுவா நடக்கும், போய் சேர்றதுக்குள்ள பாதி செத்துடும், அப்புறம் திரும்ப செய்யணும். அதனால இருபது இருபத்தஞ்சு வயல் வேணும். அண்ணன் யானை யானைன்னு கேக்கக் கேக்க என் வயல் பெருகிக்கிட்டே போவும்.

ஒரு நாள் தாத்தா பாகூர்லேர்ந்து வந்திருந்தாரு. அங்க எங்களுக்கு கொஞ்சம் காணி நிலம் இருந்துச்சி, பாகூர் ஏரிப் பாசனம். பின்னாடி நின்னு ரொம்ப நேரம் பாத்தாரு. அவருக்கு சண்டைல ஆர்வமே இல்ல. "அந்த மண்ணு ஏன்டா அப்படி கெடக்குது?"ன்னு என்னைய கேட்டாரு. காய்ஞ்சிடுச்சி தாத்தா, திரும்ப விதைக்கணும்னேன். "ஒரே பயிர திரும்பத் திரும்ப போட்டா காயாம என்ன பண்ணும், சம்பா அறுத்துட்டா உளுந்து தெளிக்கணும்டா"ன்னாரு. நான் உடனே மில்ல காட்டி, இதுல க்ராப் ரொட்டேஷன்னு ஒண்ணு இருக்கு தாத்தா, பயிர மாத்தி மாத்தி போடுறது, அதுவரைக்கும் போயிட்டோம்னா ஒரு வயல்ல 550 வரைக்கும் வரும்னேன். தாத்தா அண்ணனைப் பாக்கல, என்னையத்தான் பாத்தாரு. "அப்ப நீதான் இதுக்கு பொறுப்பா?"ன்னு கேட்டாரு. ஆமான்னேன். "வுட்டுடாத"ன்னாரு. அந்த ஏழு மாசத்துல யாராவது என்கிட்ட ஒரு பெரிய மனுஷன்கிட்ட பேசுற மாதிரி பேசுனாங்கன்னா அது அன்னிக்குத்தான்.

வயல் எப்படி காயாம போச்சு

அந்த ஒரு மாசத்துல நான் பண்ணது, எந்த பாகத்துல வயல் என்ன ஆச்சின்னு வரிசையா யோசிச்சிப் பாத்தேன். வேற எதையும் பாக்கல, வயல் மட்டும். 1997ல வந்த முதல் பாகத்துல வயல் தீந்துச்சின்னா அந்த வயலே காணாம போயிடும், நீங்க புதுசா கட்டணும், ரொம்ப கொடுமை. 1999ல ரெண்டாவது பாகத்துல காய்ஞ்ச மண்ணா கெடக்கும், மறு விதைப்பு போடலாம். 2000த்துல அதோட கூடுதல் பாகமா வந்த கான்குவரர்ஸ்ல மில்லுல முன்கூட்டியே மரம் கட்டி வெச்சிக்கிற வசதி வந்துச்சி, எத்தனை வயலுக்கு கட்டி வெச்சீங்களோ அத்தனை தடவ தானா விதைச்சிக்கும். 2005ல மூணாவது பாகத்துல கதையே வேற, மில்லு ஒண்ணு கட்டி பத்து ஆள வரைக்கும் உள்ள விட்டா முடிவே இல்லாம சாப்பாடு வந்துக்கிட்டே இருக்கும், யாரும் எதையும் தூக்கிக்கிட்டு போயி எங்கயும் கொட்ட வேணாம். 2019ல ரெண்டாவது பாகத்தையே புதுப்பிச்சி விட்டப்ப நம்ம பையன் காட்டுன பட்டன். 2021ல நாலாவது பாகம், 75 மரத்துக்கு ஒரு வயல், போட்டா போட்டதுதான், ஆட்டம் முடியிற வரைக்கும் காயாது. ஒரே கம்பெனி செஞ்சதும் கிடையாது இதெல்லாம், முதல்ல செஞ்ச என்செம்பிள் ஸ்டுடியோஸ 2009லயே மூடிட்டாங்க, அப்புறம் 2013லேர்ந்து ரெண்டாவது பாகத்துக்கு புதுசு புதுசா சேத்தவங்கள்ல பல பேரு ரசிகரா இருந்து மாட் பண்ணவங்க, அதாவது கேம தாங்களே மாத்தி செஞ்சவங்க. யார் கைக்கு போனாலும் எல்லாரும் ஒரே தெசையிலதான் நடந்திருக்காங்க, வயல பாக்குற வேலைய கொறைச்சிக்கிட்டே வந்திருக்காங்க.

வயல் மட்டும் இல்லன்னு அப்புறம்தான் தோணுச்சி. டெஃபினிட்டிவ் எடிஷன்ல ஆட்டத்தை அதுவே சேவ் பண்ணிக்குது. சும்மா நிக்கிறவன் எத்தனை பேருன்னு அதுவே நம்பர் போட்டு காட்டுது. எந்தக் கட்டடத்துல என்ன உருவாவுதுன்னு மேல வரிசையா காட்டுது. வேவு பாக்குற ஸ்கவுட்ட அதுவே ஊர் சுத்த அனுப்புது. நான் முக்காலில உக்காந்து செஞ்ச வேலை ஒவ்வொண்ணா எடுத்துப் பாத்தா ஒண்ணுகூட மிச்சம் இல்ல. இது எனக்கு ஒரு ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ராக் பீச்ல உக்காந்திருக்கும்போது தோணுச்சி, தோணுன உடனே தொண்டைய அடைச்சிது.

அத சோதிச்சி பாத்துடலாம்னு நானும் ஒரு சேல்ல அந்த எடிஷன வாங்குனேன். பட்டன ஆஃப் பண்ணிட்டு தனியா ஆடுனேன். ஒரு வாரம், ராத்திரி சாப்பிட்டுட்டு ஒவ்வொரு ஆட்டம். நேர்மையா சொல்றேன், கொஞ்சம்கூட நல்லா இல்ல. ஒரே ஆளா சண்டையும் பாத்து வயலும் பாக்குறது வெறும் தொல்லை. சண்டைல மூழ்கிட்டா வயல் மறந்துடுது, வயல பாத்தா சண்டை போயிடுது, ரெண்டு தடவை யானைக்கு சாப்பாடு இல்லாம தோத்தேன், தோத்ததுல ஒரு ருசியும் இல்ல. கேம் செஞ்சவங்க ஏன் அத எடுத்தாங்கன்னு அப்ப நல்லாவே புரிஞ்சிது, அவங்க செஞ்சது சரி, ஒரு சேர்ல ஒருத்தன் உக்காந்து ஆடுற கேம்னா அந்த வேலை அங்க இருக்கவே கூடாது. மத்தபடியும் புது எடிஷன்ல குறை சொல்ல எனக்கு மனசு வரல. ஆளுங்க சந்துல மாட்டிக்கிட்டு சுத்துறது கம்மி, படம் கண்ணுக்கு நிறைவா இருக்கு. 2022ல திராவிடர்னு ஒரு நாகரிகமே சேத்தாங்க, ஆளுங்க தமிழ்ல பேசுறாங்க, ராஜேந்திரன் பேர்லயே ஒரு கேம்பெயின் இருக்கு. பெர்சியாவ சோழ நாடுன்னு வெச்சிக்கிட்டு ஆடுன எங்களுக்கு அது எவ்ளோ பெரிய விஷயம். முதல் தடவ அந்த ஆள க்ளிக் பண்ணி தமிழ் காதுல விழுந்தப்ப நான் ரூம் கதவ சாத்திட்டு வந்து இன்னொரு தடவ க்ளிக் பண்ணேன். இவ்ளோ நல்லது இருந்தும் அந்த அடைப்பு போவல. அதுக்கப்புறம்தான் அண்ணனுக்கு போன் பண்ணணும்னு தோணுச்சி.

வெள்ளிக்கிழமை காலை

அண்ணன் குவைத்ல இருக்காரு, பதினாறு வருஷமா. வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, அதனால நான் அன்னிக்கு ஆபீஸ் போற வழில வண்டிய ஓரமா நிறுத்திட்டு போட்டேன். வழக்கமா பெரியம்மா மாத்திரை, மஞ்சக்குப்பம் வீட்டு வரி, இதான் பேசுவோம். அன்னிக்கு நான் எடுத்த எடுப்புல "அண்ணா, ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ்ல வயல் காயுமே, ஞாபகம் இருக்கா?"ன்னு கேட்டேன்.

அந்தப் பக்கம் சிரிச்சாரு. "வயல் எங்கடா ஞாபகம் இருக்கு. நீ கத்துறதுதான் ஞாபகம் இருக்கு. சாப்பாடு ஏறலண்ணா, சாப்பாடு ஏறலண்ணா."

நான் பையன் காட்டுன பட்டன பத்தி சொன்னேன். இப்பல்லாம் தானா விதைச்சிக்குதாம்ணா, அப்ப மட்டும் அது இருந்திருந்தா எனக்கு அங்க வேலையே இருந்திருக்காதுல்லன்னேன். அவரு கொஞ்ச நேரம் பேசல. லைன் கட்டாயிடுச்சோன்னு பாத்தேன். அப்புறம் மெதுவா, "டேய், கான்குவரர்ஸ்லயே அது இருந்துச்சேடா. மில்லுல முன்னாடியே கட்டி வெச்சிடலாம். உனக்கு தெரியாதா?"ன்னாரு.

கான்குவரர்ஸ் சிடி அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னாடியே வந்துடுச்சி. நாங்க அந்த ஏழு மாசத்துல பாதி ஆடுனது அதத்தான். அதுல அந்த வசதி இருந்துச்சின்னு இப்ப பட்டியல் போடும்போது எழுதுனேன் பாருங்க, எழுதும்போதுகூட எனக்கு உறைக்கல, ஏன்னா நாங்க ஆடுனதுல அது ஒரு நாளும் இல்ல, மில்லுல யாரும் எதையும் கட்டி வெச்சதே இல்ல.

"தெரியாதுண்ணா"ன்னேன்.

"நான் சொல்லல. கட்டி வெச்சிட்டா நீ என்ன பண்ணுவ, சும்மா உக்காந்திருப்ப. ரெண்டு நாள்ல எழுந்து போயிடுவ. அப்பல்லாம் நீ வீட்ல யார்கிட்டயும் பேசவே மாட்டடா, சாப்பிட கூப்பிட்டாக்கூட தலைய மட்டும்தான் ஆட்டுவ. அங்க உக்காந்தா மட்டும்தான் வாயத் திறப்ப." அப்புறம் அவரே, "எனக்கும் தனியா ஆட புடிக்காது"ன்னு சொன்னாரு.

பதினேழு வயசு. பன்னெண்டாவது பரீட்சை இருக்கு, பெரியப்பா திட்டுறாரு, ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம்தான் கேமுக்கு. அந்த ஒரு மணி நேரத்துல ஜெயிக்கறதுக்கு சுலபமான வழி ஒண்ணு கையிலயே இருந்திருக்கு. அதைத் தொடாம, சண்டை நடுவுல ஒவ்வொரு தடவையும் நான் "சாப்பாடு ஏறல"ன்னு சொல்ற வரைக்கும் காத்திருந்து, "போ"ன்னு சொல்லி, நான் எச் அடிச்சப்புறம் வந்து விதைச்சிருக்காரு. அதனால நாங்க தோத்த ஆட்டம் எத்தனையோ இருக்கும். எனக்கு வண்டிய எடுக்கத் தோணல, அங்கயே ஓரமா ரொம்ப நேரம் நின்னுக்கிட்டிருந்தேன்.

போன வைக்கறதுக்கு முன்னாடி கேட்டேன், இப்ப ஆடுறீங்களாண்ணான்னு. ஆடுறாராம், நாலாவது பாகம், வாரத்துக்கு ரெண்டு ஆட்டம். "வயல் காயவே காயாதுடா அதுல. ஒரு தடவ போட்டா போதும். நிம்மதி"ன்னாரு. அவருக்கு பழைய கேம் மேல ஒரு ஏக்கமும் கிடையாது. எந்தக் கதையை நான் இத்தனை வருஷம் பெருசா தூக்கி வெச்சிருந்தேனோ அதுல அவருக்கு ஞாபகம் இருக்கறது என் குரல் மட்டும்தான். வேலை நேரத்துல பதினாறு பேர மேய்க்கிற மனுஷனுக்கு வீட்டுக்கு வந்தா காயாத வயல்தான் வேணும், அதுல நான் சொல்ல என்ன இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் அவர்கிட்ட சொல்லணும்னு நெனைச்சி சொல்லாம வுட்டுட்டேன். ஒருத்தருக்கு தொல்லையா இருக்கற வேலைதான் பக்கத்துல ஒருத்தர் உக்கார எடம். அந்த வேலைய எடுக்கும்போது முக்காலியையும் சேத்து எடுத்துடுறாங்க. கேம் செய்றவங்க அத தெரிஞ்சி எடுத்திருக்க மாட்டாங்க, அவங்க கணக்குல ஒரு லேப்டாப்புக்கு ஒரு ஆள். கடலூர்ல அப்ப ஒரு கம்ப்யூட்டருக்கு தெருவே உக்காந்திருந்துச்சி.

அண்ணன் அப்ப சொன்ன இன்னொரு கதை இதோட சேந்து ஞாபகம் வருது. கடலூர் தேவனாம்பட்டினம் கோட்டைய 1690ல இங்கிலீஷ்காரங்க வாங்குனப்ப, கோட்டைலேர்ந்து பீரங்கி சுட்டு குண்டு எவ்ளோ தூரம் போய் விழுதோ அதுவரைக்கும் உள்ள ஊரெல்லாம் அவங்களுதுன்னு பேச்சு. அந்த ஊருங்களுக்கு குண்டு கிராமம்னே பேரு, குண்டு உப்பலவாடின்னு இன்னிக்கும் கடலூர்ல ஊர் இருக்கு. அண்ணனுக்கு அந்த பீரங்கி மேல ஒரே காதல், அதனாலயே நாங்க ஒவ்வொரு ஆட்டத்துலயும் தங்கம் சேத்து பீரங்கி செய்வோம். நான் அப்பவே கேட்டேனாம், குண்டு விழுந்த எடத்துல வயல் இருந்திருக்குமான்னு. இருந்திருக்கும்னு சொன்னாராம். இது எனக்கு ஞாபகம் இல்ல, போன்ல அவருதான் சொன்னாரு.

ஒரே கலர்

ரெண்டாவது பாகத்துல ஒரு பழைய வசதி உண்டு, நிறைய பேருக்கு தெரியாது. ரெண்டு பேரு சேந்து ஆடும்போது ரெண்டு பேரும் ஒரே நம்பர், ஒரே கலர் எடுத்துக்கிட்டா ஒரே ஊரை ரெண்டு பேரும் சேந்து ஆளலாம். அவன் ஆளுக்கு நான் வேலை சொல்லலாம், என் ஆளுக்கு அவன் சொல்லலாம், கஜானா ஒண்ணுதான். அண்ணன்கிட்ட ரெண்டு கம்ப்யூட்டர் கிடையாது, அதனால எங்களுக்கு அது வெறும் கேள்விப்பட்ட சமாச்சாரம். புது எடிஷன்லயும் அது இருக்கு. பையன் ஊருக்கு கிளம்ப ரெண்டு நாள் இருக்கும்போது அவன்கிட்ட சொன்னேன். அவனுக்கு ஒரே ஆச்சரியம், இப்படி ஒண்ணு இருக்கறது அவன் பாக்குற யூட்யூப்காரங்க யாரும் சொன்னதில்லையாம். சரி மாமா, ஆடலாம்னான். நான் ஒரே ஒரு கண்டிஷன் போட்டேன், மில்லு பட்டன ஆஃப் பண்ணணும், வயல் என்னோடது.

"எதுக்கு மாமா, வீண் வேலை"ன்னான். நான் காரணம் சொல்லல. முக்காலி கதை, ஜிப்மர், அவன் தாத்தா படுத்திருந்தது, எல்லாத்தையும் அந்தப் பையன் தலைல ஏத்தி ஒரு ஆட்டத்த ஆட வைக்க எனக்கு விருப்பம் இல்ல. சும்மா எனக்கு பழக்கம்டான்னேன். அவன் ஒரு மாதிரி பாத்துட்டு ஆஃப் பண்ணான்.

பெர்சியாவா திராவிடரான்னு ஒரு சின்ன பேச்சு. அவன் திராவிடர்தான்னு நின்னான், யானை மேல வில்லோட உக்காந்து வர்ற ஆளு இருக்கான் மாமான்னான், சரின்னுட்டேன். மாடில மேசைக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் நான், ரெண்டு லேப்டாப். முதல் கால் மணி நேரம் நல்லாவே இல்ல. நான் மரத்துக்கு அனுப்புன ஆள அவன் கூட்டிக்கிட்டு போயி வீடு கட்டுறான், அவன் யூட்யூப் கணக்குல இருந்த 60 மரத்த நான் எடுத்து வயல் போட்டுடுறேன், "மாமா மாமா மாமா"ன்னு கத்துறான். கான்குவரர்ஸ்ல இருந்த அண்ணன் பொறுமை எனக்கும் இல்ல, அவனுக்கும் இல்ல. ஒரு தடவ அவன் நிறுத்திட்டு, "நீங்க வயல தவிர எதையும் தொடாதீங்க மாமா, ப்ளீஸ்"னான். சரின்னேன். அதுக்கப்புறம்தான் ஆட்டம் ஒரு ஓட்டத்துக்கு வந்துச்சி.

மூணாவது கட்டமான கேசில் ஏஜ் தாண்டி, அவன் வடக்கு பக்கமா படைய கொண்டு போயிட்டான். நான் ஊர்லயே இருந்தேன். இருபது வயல், டவுன் சென்டர சுத்தி ஏழு, மீதி ரெண்டு மில்லு பக்கத்துல. இப்ப எனக்கு தனி ஸ்கிரீன் இருக்கறதால மேல நம்பர பாத்து ஊகிக்க வேண்டியது இல்ல, காயிறது நேரா கண்ணுக்கே தெரியுது, ஒண்ணு மண்ணாவும், விதைப்பேன், இன்னொண்ணு மண்ணாவும், விதைப்பேன். அந்தப் பக்கம் அவன் மூஞ்சில சண்டையோட வெளிச்சம் மட்டும் தெரியுது, உதட்ட கடிச்சிக்கிட்டு ஆடுறான். ரெண்டு பேரும் பேசி ரொம்ப நேரம் ஆச்சி. கீழ அக்கா போன் வந்து என் வீட்டுக்காரி எதையோ சொல்லி சமாளிக்கிற சத்தம் கேக்குது.

சாப்பாட்டு நம்பர் என் ஸ்கிரீன்ல எங்க இருக்கோ அதே எடத்துலதான் அவன் ஸ்கிரீன்லயும் இருக்கு, அதே நம்பர்தான், கண்ண கொஞ்சம் மேல தூக்குனா போதும். அவன் தூக்கல.

"மாமா, இன்னும் ஆறு யானை போடலாமா, சாப்பாடு இருக்கா?"

"இருக்கு, போடு"ன்னேன்.